பேரைச் சொல்லி ஊரை விட்டது

13.06.1993, ஞாயிறு

தவமலர் வந்து மூன்று மணித்தியாலம் இருந்துவிட்டுப் போனார். லண்டனுக்குள்ளேயே, செவன் கிங்ஸிலிருந்து எங்கள் ஃபாரஸ்ட் கேட்டுக்கு ரயிலில் கால் மணி நேரம் பிடிக்காது. வந்திறங்கிய தோரணையைப் பார்த்தால் ஏழு கடல் தாண்டி வந்தவர் மாதிரி இருந்தது. மகன் கேதீசன் டொக்டராம். கண்ணாடிக் கடையில் கண் பார்த்து நம்பர் எழுதிக் கொடுக்கிற டொக்டர். நான் திருத்தவில்லை. எங்கள் வதனா கணக்காளர் என்று நானும்தான் சொன்னேன். அவளுக்கு இன்னும் இரண்டு பரீட்சை கிடக்கிறது.

சாதகத்தில் எட்டுப் பொருத்தம். பிள்ளைகள் ஒரு தரம் சந்தித்துக் கோப்பி குடித்து, "பரவாயில்லை" என்ற அளவில் நிற்கிறார்கள். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருக்கையில் தவமலர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் நல்லூர்தானே?" என்று கேட்டார்.

நான் நல்லூர். இவர் புங்குடுதீவு, யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கிற தீவு. அந்தப் பக்கத்தாரைத் "தீவான்" என்று சொல்ல எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், சொல்லும்போதே மூக்கு தானாகச் சுருங்கும். எங்கள் வீட்டு மூக்குகளும் சுருங்கியவைதான். இவருடைய கொழும்புக் கடையைப் பார்த்துத்தான் ஐயா என்னைக் கட்டிக்கொடுத்தார், ஊரைப் பார்த்து அல்ல. எண்பத்துமூன்று கலவரத்தில் கடை எரிந்தது. ஊர் மட்டும் மிஞ்சியது.

"ஓம், நல்லூர்" என்றேன்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கலியாணம் முடிந்து நல்லூரில் என் சீதன வீட்டில்தானே இருந்தோம்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்கிறார்கள். மிச்சத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதை நான் கேட்கவில்லை. இவர் பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தைத் திருப்பினார். லண்டனுக்கு வந்த எட்டு வருஷமாக இந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் இதுதான் பதில், அவருக்கும் பழகிவிட்டது.

வாசலில் செருப்புப் போடும்போது தவமலர் இன்னொரு கதை சொன்னார். அவர்களுடைய தெருவில் ஒரு பெண்ணுக்கு நல்ல இடம் பொருந்தி வந்ததாம். "கடை ரெண்டு கிடக்கு, வீடு கிடக்கு. ஆனா தீவாராம்" என்றார். வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். நான் தலையை ஆட்டினேன். என்ன பெண் நான்?

04.07.1993, ஞாயிறு

இரண்டு குடும்பமும் ஒரு கிழமை ஒன்றாக எங்காவது போய்ப் பழகிப் பார்க்க வேணுமாம். கேதீசனின் யோசனை. பெண் பார்க்கிற சடங்கு அரை மணி நேரத்தில் முடிகிறது, ஆளை அறிய அது போதாது என்கிறான். பிழை இல்லைதான். ஆனால் எங்களை அறிய அரை மணி நேரத்துக்கு மேல் ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது என்பதல்லவா என் கவலை.

நான் பாரிஸ் என்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் மூன்று பேருக்கும் பயணப் பத்திரம் இன்னும் வரவில்லை, பிரிட்டனை விட்டு வெளியே போக ஏலாது. ஆகவே கேதீசன், கடல் கடந்தும் பிரிட்டனுக்குள்ளேயே இருக்கிற ஓர் இடம் கண்டுபிடித்திருக்கிறான். படிக்கிற காலத்தில் சைக்கிளில் சுற்றிய இடமாம். ஸ்கொட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில், கெல்லசே.

தீவு.

இருக்கிற இடமெல்லாம் விட்டுவிட்டு ஒரு தீவு. வதனா போனை வைத்துவிட்டுக் குனிந்து சிரித்தாள். இவர் வேலையால் வந்ததும் சொன்னேன். தபால் பிரிக்கிற இடத்தில் வேலை, விலாசங்கள் எல்லாம் மனப்பாடம். "மரம் இல்லாத இடமெல்லோ?" என்று மட்டும் கேட்டார்.

18.07.1993, ஞாயிறு

இவருக்கு விதிகள் சொன்னேன். கடலைப் பற்றிப் பேச வேண்டாம். வள்ளம், வலை, காற்று எந்தப் பக்கம் என்ற கதை வேண்டாம். மீன் வாங்கினால் பெயர் தெரியாதது போல நிற்க வேணும்.

"மூச்சு விடலாமோ?" என்று கேட்டார். பகிடி விட்டாரா, இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

30.07.1993, வெள்ளி

சாமான் கட்டியாயிற்று. இருபது இறாத்தல் அரிசி, மிளகாய்த்தூள் இரண்டு போத்தல், புட்டுக்கு வறுத்த மா, கருவாடு, ரைஸ் குக்கர், அம்மன் படம். போகிற இடத்தில் கடை இருக்கிறது அன்ரி என்று கேதீசன் சொன்னான். கடை இருக்கும், மிளகாய் இருக்குமா? தவமலரும் அதே அளவு கட்டியிருக்கிறார். வாடகை வானில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்ததே பெரிய காரியம்.

31.07.1993, சனி

கப்பலில் நானும் தவமலரும் ஆளுக்கொரு பையைப் பிடித்தபடி, ஒரே வாங்கில், மாறி மாறிச் சத்தி எடுத்தோம். சம்பந்திகளுக்குள் இப்படியொரு நெருக்கம் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை. மற்றவர்களும் பச்சையாகத்தான் கிடந்தார்கள். இவர் மட்டும் மேல் தட்டில் காலை அகட்டி நின்று, சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேலே ஏறிப் போய், அழாத குறையாக, கொஞ்சம் தலை சுத்துகிற மாதிரியாவது காட்டுங்கோ என்று கெஞ்சினேன். போய் ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நித்திரையாகிவிட்டார்.

01.08.1993, ஞாயிறு

கெல்லசே: கல், புல், ஆடு, காற்று. மரம் ஒன்றும் இல்லை. ஒரு வான் மட்டும் போகக்கூடிய தெரு. எதிரே வருகிற ஒவ்வொருவரும் கை காட்டுகிறார்கள். எங்களைத் தெரியும் என்று நினைத்து முதல் ஐந்து பேருக்கும் தவமலர் வணக்கம் சொன்னார்.

காலையில் எழும்பி நேற்றைய சேலைகளைத் தோய்த்துக் கொடியில் போட்டேன். பத்து நிமிஷத்தில் வீட்டுக்காரி மிஸஸ் மக்லெனன் கறுப்புத் தொப்பியோடு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை இங்கே உடுப்புக் காயப்போடுவதில்லையாம். கடை இல்லை, கப்பல் இல்லை, பிள்ளைகளின் ஊஞ்சல்கூடக் கட்டிப் போட்டிருக்கிறதாம். இவ்வளவையும் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். வெள்ளிக்கிழமை நகம் வெட்டக்கூடாது என்று சொன்னதற்கு என்னோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிற வெள்ளைக்காரிகள் ஒரு கிழமை சிரித்தார்கள். அவர்களை இங்கே கொண்டுவந்து ஒரு ஞாயிறு நிற்பாட்ட வேணும்.

ஈரச் சேலைகள் எல்லாம் இப்போது கதிரைகளின் மேல் கிடக்கின்றன.

02.08.1993, திங்கள்

மழை. பக்கவாட்டில் பெய்கிறது. பொடி நுளம்பு ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, கடிதான் தெரியும். கேதீசனும் வதனாவும் ஒரு வரைபடத்தை வைத்து மூன்று மணி நேரம் சண்டை பிடித்தார்கள். நல்ல சகுனம்.

03.08.1993, செவ்வாய்

துறைக்குப் போனோம். ஒரு மீன்காரன் பெரிய நண்டுகளை ஒதுக்கிக் கடலுக்குள் திருப்பி எறிந்துகொண்டிருந்தான். இங்கே ஒருவரும் அவற்றைச் சாப்பிடுவதில்லையாம். எறிகிற நண்டைப் பார்த்த யாழ்ப்பாணத்து ஆள் சும்மா நிற்பானா? ஒரு வாளி நிறையத் தந்தான்.

அங்கேதான் வந்தது வினை. வீட்டுக்கு வந்து, நான் கத்தி தேடுவதற்குள் இவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். ஓட்டைக் கழற்றி, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற பூவை எடுத்து, காலை முறித்து, ஒரு நண்டுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. தவமலர் வாசலில் நின்று பார்த்தார்.

"நல்லூரிலை ஆர் இவ்வளவு வடிவா நண்டு உடைப்பினம்?" என்று கேட்டார்.

கொழும்பில் ஹொட்டல்காரர்களோடு பழகியவர் என்றேன். இன்னொரு பொய். குழம்பு அருமையாக வந்தது. தவமலர் மூன்று தரம் சோறு போட்டார், ஆனால் சாப்பிடும் நேரமெல்லாம் இவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் இறங்கவில்லை.

04.08.1993, புதன்

கம்பளியைச் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன். எழுதிவிட்டால்தான் நித்திரை வரும் போல.

தீவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் தீவு. கடல் வற்றினால் மணலில் நடந்து போகலாம். பழைய கோயில் ஒன்று இடிந்து கிடக்கிறது, பார்க்க வேணும் என்று கேதீசன் கூட்டிப்போனான். புட்டும் கோழிக் கறியும் கட்டிக்கொண்டு போனோம். நல்ல வெயில். சாப்பிட்டுவிட்டுத் தவமலர் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுப் படுத்துவிட்டார். கேதீசனும் வதனாவும் கல்லுக் கல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "வெளிக்கிடுவம். தண்ணி திரும்பிட்டுது" என்றார்.

கேதீசன் மணிக்கூட்டைப் பார்த்தான். இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது அங்கிள், தண்ணீர் ஏறுகிற நேரம் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றான். "புத்தகம் எனக்குத் தெரியாது, தம்பி. பாசி மற்றப் பக்கம் சாயுது" என்றார் இவர்.

தவமலர் தலைப்பை விலக்கி எழும்பி உட்கார்ந்தார். நேற்று நண்டைப் பார்த்த அதே பார்வை.

நான் என்ன செய்தேன்? எழுதத்தான் வேணும். எல்லாருக்கும் கேட்கச் சிரித்துக்கொண்டு, "நல்லூர் ஆளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? பேசாமல் இருங்கோ" என்றேன்.

அவர் பேசாமல் இருந்தார்.

கேதீசன் புத்தகத்தில் பார்த்தது அடுத்த நாள் வரி என்று பிறகு தெரிந்தது. அரை மணி நேரத்தில் நாங்கள் நடந்து வந்த மணல் காணவில்லை. நடுவில் ஆறு மாதிரி தண்ணீர் ஓடியது. கூப்பிட்டாலும் கேட்க ஆள் இல்லை. இவர்தான் முன்னுக்கு இறங்கினார். ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. காலால் தடவித் தடவி மேட்டைப் பார்த்து, இதிலே வை, இதிலே வை என்று எல்லாரையும் நடத்தினார். நடுவில் இடுப்புக்கு வந்தது. என்ன குளிர், என்ன இழுப்பு! வதனா என் கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய மறு கையைக் கேதீசன் பிடித்திருந்தான். தவமலருக்கு நீந்தத் தெரியாது. நின்ற இடத்தில் நின்று, முருகா முருகா என்று நடுங்கினார். இவர் திரும்பிப் போய், "ஏறுங்கோ" என்று முதுகைக் காட்டினார். செவன் கிங்ஸ் தவமலர், யாழ்ப்பாணத்து மானிப்பாய்த் தவமலர், கோயிலில் முதல் வரிசைத் தவமலர், என் புருஷனின் முதுகில் உப்பு மூட்டை மாதிரித் தொங்கிக்கொண்டு கரை வந்து சேர்ந்தார். புட்டுச் சட்டி அட்லாண்டிக்கில் போய்விட்டது.

கரையில் இறக்கியதும், பல் கிட்டியபடியே அவர் கேட்டது: "உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் எந்த ஊர்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன்.

"புங்குடுதீவு" என்றார்.

தவமலர் குனிந்து சேலையைப் பிழிந்தார்.

ஊர் மானத்தைக் காப்பாற்றப் போய் என் பிள்ளையைக் கடலில் விடப் பார்த்தேன். ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லாதே என்பார்கள். நான் பேரைச் சொல்லி ஊரை விட்டவள். சம்பந்தமும் போயிற்று. அது போகட்டும் என்று எழுத வருகிறது, ஆனால் போகவேண்டாம் என்றுதான் மனம் கிடந்து அடிக்கிறது. வதனாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. கரைக்கு வந்த பிறகும் அவள் அவனுடைய கையை விடவில்லை, நான் பார்த்தேன்.

05.08.1993, வியாழன்

தவமலர் அறையை விட்டு வரவில்லை. தடிமனாம்.

இவரைத் தேடித் துறைக்குப் போனேன். மதில் பக்கம் வரும்போதே குரல் கேட்டது. நண்டு தந்த மீன்காரனோடு, தபால் கந்தோர் ஆங்கிலத்தில், தானும் ஒரு தீவு ஆள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய தரையில் இருப்பவர்கள் தங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று மீன்காரன் ஏதோ சொல்ல, இவர் மதிலில் தட்டிச் சிரித்தார். எங்கள் வீட்டில் இந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. பத்து வருஷத்தில் என்னோடு பேசியதைவிடப் பத்து நிமிஷத்தில் அவனோடு கூடப் பேசிவிட்டார்.

மதிலுக்கு இந்தப் பக்கமே நின்றேன். வெட்கமாக இருந்தது. அவருடைய ஊரைச் சொல்ல அட்லாண்டிக்கில் ஒரு வெள்ளைக்காரன் கிடைக்க வேண்டியிருந்ததே.

07.08.1993, சனி

திரும்புகிறோம். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது, ஒருவரும் சத்தி எடுக்கவில்லை. தவமலர் இந்த முறை வேறு வாங்கில் போய் இருந்தார்.

22.08.1993, ஞாயிறு

இரண்டு கிழமைக்குப் பிறகு தவமலரின் போன். பொருத்தத்தை ஐயர் திரும்பப் பார்த்து எட்டை மூன்றாக்கிவிட்டார் என்று சொல்வார் என்றுதான் றிசீவரை எடுத்தேன். இல்லை. மகன் வேறு பெண் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். உயிரைக் காப்பாற்றிய மனிசனுக்கு எப்படி இல்லை என்று சொல்வது என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஐப்பசிக் கடைசியில் மண்டபம் கிடைக்குமாம்.

பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினார். "கலியாணக் கார்ட்டிலை நல்லூர் எண்டு மட்டும் போடுவம், என்ன? ஆக்களுக்கு ஏன் வீண் விளக்கம்?"

என் வாயிலிருந்து வருகிற அதே சொற்கள், அதே குழைவு. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். "போடுங்கோவன், எனக்கென்ன" என்று ரசத்தை ஊற்றினார். வதனா எழும்பிக் கோப்பையைக் கழுவினாள். "அம்மா, நீங்கள்தானே எப்பவும் முடிவெடுக்கிறது" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

24.08.1993, செவ்வாய்

தவமலருக்கு நானே எடுத்தேன். "அவரின்ரை ஊரும் வரும். வராட்டி கார்ட் இல்லை" என்றேன். சொல்ல நினைத்தது இன்னும் நீளம். இவ்வளவுதான் வந்தது. அந்தப் பக்கம் போன் வைத்த சத்தம் கேட்டது.

என்ன செய்துவிட்டேன்? பிள்ளையின் வாழ்க்கையில் என் பாவத்தைக் கழுவுகிறேனோ?

31.08.1993, செவ்வாய்

போன் இல்லை. வதனா என்னைத் திட்டவில்லை. திட்டினால் நல்லாயிருக்கும்.

04.09.1993, சனி

கேதீசன் தனியாக வந்தான். அம்மா சம்மதமாம், தீவின் பெயரையும் போடலாமாம். ஒரே ஒரு வேண்டுகோள்: கொஞ்சம் சின்ன எழுத்தில் போட ஏலுமா என்று கேட்டாவாம். சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, கண் டொக்டர் அல்லவா. சின்ன எழுத்து வாசிக்க ஏலாதவர்கள் தன் கடைக்கு வருவார்கள், வியாபாரத்துக்கு நல்லது அன்ரி என்றான். வதனா வயிறு பிடித்துச் சிரித்தாள். நல்ல பெடியன்.

18.09.1993, சனி

சனிக்கிழமைகளில் நான் படிப்பிக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து நேரே அச்சகத்துக்குப் போனேன். இவரிடம் சொல்லவில்லை, அச்சாகி வந்ததும் பார்க்கட்டும். நல்லூருக்கு எந்த எழுத்தோ புங்குடுதீவுக்கும் அதே எழுத்து என்று அச்சுக்காரரிடம் அளவு காட்டிச் சொன்னேன். தீவார் ஊரைத் தனியே சொல்வதில்லை, எத்தனையாம் வட்டாரம் என்று சேர்த்துத்தான் சொல்வார்கள். அதையும் போடச் சொன்னேன்: புங்குடுதீவு 8ம் வட்டாரம். அரைகுறையாகச் செய்தாள் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. வரும் வழியில் நிமிர்ந்து நடந்தேன், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

02.10.1993, சனி

கார்ட் வந்தது. நானூறு. தங்கக் கரை, நல்ல தடித்த தாள். ஒன்றை எடுத்து இவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். தன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தார். அந்த விரல் அங்கேயே நின்றது.

பிழை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, வடிவாக இருக்கிறது என்றார். நான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"ஒண்டுமில்லை, கமலா. நான் ஒன்பதாம் வட்டாரம்" என்றார்.

எட்டு என்று உங்கள் தமையனின் கடிதத்தில் விலாசம் பார்த்தேனே என்றேன். அது தமையனின் மனைவிக்குச் சீதனமாக வந்த வீடாம். கலியாணம் முடித்து அவர் அங்கே போனவராம், நான் இவரை நல்லூருக்குக் கொண்டுபோன மாதிரி. "விடும். பக்கத்து வட்டாரம்தானே" என்றார்.

இருபத்துநான்கு வருஷம். அவருடைய சட்டை அளவு தெரியும், சீனி எத்தனை கரண்டி என்று தெரியும், குறட்டை எந்தப் பக்கம் படுத்தால் நிற்கும் என்று தெரியும். பிறந்த இடத்தை ஒளித்து ஒளித்து, எதை ஒளிக்கிறேன் என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன்.

திரும்ப அடிக்க நேரம் இல்லை, திங்கட்கிழமை தபாலில் போக வேணும். 8இன் கீழ் வட்டத்தில் இடப்பக்கம் ஒரு பொட்டு வெள்ளை மை வைத்தால் 9 ஆகிவிடுகிறது. மேசையில் உட்கார்ந்து நான் பொட்டு வைக்கிறேன், இவர் ஒவ்வொன்றாக வாங்கி ஊதிக் காயவைக்கிறார். நூற்றெண்பது முடிந்தது.

ஒன்பதாம் வட்டாரத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். கையில் இருந்த கார்ட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கையிருந்து தொடங்க?" என்றார்.